வாசலோடு நிறுத்தப்பட்ட மெமரி கார்ட்

கண்டி நகரத்தில் ஒரு பெரிய கம்பெனியின் கேட்டில் என் அண்ணன் லெட்சுமணன் செக்யூரிட்டி. உள்ளே போகிறவர் யாராக இருந்தாலும் அடையாள அட்டையை அவரிடம் கொடுத்துவிட்டு, இலக்கம் போட்ட பிளாஸ்டிக் அட்டை ஒன்றைக் கழுத்தில் மாட்டிக்கொண்டுதான் போகவேண்டும். ஒருமுறை முதலாளியின் சொந்த மாமனாரையே வெயிலில் நிறுத்திவிட்டார். அதற்கு வாங்கிய ஏச்சை, பதக்கம் வாங்கியதுபோல இன்றைக்கும் சொல்லித் திரிகிறார்.

கேட்டோடு நின்றால் யார் கேட்கப்போகிறார்கள்? கெலிஓயாவில் எங்கள் மேட்டு வீட்டுக்கு வந்தாலும் அதே டியூட்டிதான். நான் பக்கத்து வீடு, கூடப் பிறந்தவள். கறிக்கோப்பையோடு நிற்கிற என்னை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே "யாரு?" என்று கேட்பார். "ஒங்க தங்கச்சி கமலம்" என்று நான் சொன்ன பிறகுதான் தாழ்ப்பாள் விலகும். பள்ளிக்கூடப் பிள்ளைகளின் பென் டிரைவ் எதுவும் வீட்டுக்குள் வரக்கூடாது என்று தன் மகள் சிந்துஜாவுக்கு எப்போதோ சட்டம் போட்டாயிற்று.

எங்கள் இரண்டு வீட்டுக்கும் பின்னால் செங்குத்தான மண்மேடு இருக்கிறது. போன மாரிக்கு அதில் ஒரு பகுதி இறங்கி, அண்ணன் வீட்டுக் குசினிச் சுவர் வெடித்துவிட்டது. அதற்குப் பிறகு வானம் இருட்டினாலே அண்ணி புஷ்பம் அடுப்பை அணைத்துவிட்டு வாசலில் வந்து நிற்பார். அந்தப் பயத்தைப் பார்த்துத்தான் சிந்துஜா மழை மணி செய்யப் புறப்பட்டாள்.

பள்ளிக்கூடத்தில் அவளுக்கு உள்ளங்கை அளவு கம்ப்யூட்டர் ஒன்றை இரவல் கொடுத்திருந்தார்கள். பொழுதுபோக்காகச் செய்து பழகுகிறவர்களுக்கான சாமான். டிவியோடு இணைத்தால் வேலை செய்யும். பெட்டியிலேயே ஒரு மெமரி கார்டும் வரும். அந்தக் கார்டைச் செருகினால்தான் அதற்கு உயிர். கூரைக்கு வெளியே தகர டப்பா ஒன்றை வைத்து, அதில் விழுகிற மழையை அளந்து, மேடு தாங்காத அளவு வந்தால் மணி அடிக்கிற மாதிரி செய்தாள். எவ்வளவு பெய்தால் ஆபத்து என்று பேராதனைப் பல்கலைக்கழகம்வரை போய் விசாரித்துத் தெரிந்துகொண்டு, அதையும் அதற்குள் எழுதிவைத்தாள். கண்டியில் நடக்கிற கண்காட்சியில் தெரிவானால் எங்கள் மேட்டிலேயே ஒன்றை நிரந்தரமாகப் பொருத்தித் தருவார்கள். இல்லாவிட்டால் சாமானைப் பள்ளிக்கூடத்துக்குத் திருப்பிக் கொடுக்கவேண்டும்.

அந்த நேரம் பார்த்துத்தான் அண்ணனுடைய கம்பெனியில் பாதுகாப்பு வகுப்பு வைத்தார்கள். கொழும்பிலிருந்து கோட் போட்ட ஒருவர் வந்து, இந்த மாதிரிச் சின்னக் கம்ப்யூட்டர்களோடு சும்மா வருகிற கார்டை நம்பாதீர்கள், யார் எதைப் போட்டு அனுப்பினார்களோ தெரியாது என்றாராம். அவர் சொன்னதில் பிழையில்லை. கேட்டவர் என் அண்ணன் என்பதுதான் பிழை.

வீட்டுக்கு வந்ததும் வராததுமாகக் கார்டைக் கழற்றிவிட்டார். சிந்துஜா பொறுமையாகத்தான் விளக்கினாள். பெட்டியோடு வந்ததை முதல் நாளே முழுதாக அழித்துவிட்டேன், அதைச் செய்தவர்களுடைய சொந்த இணையத்தளத்திலிருந்து புதிதாக இறக்கிப் போட்டேன், பாஸ்வேர்டையும் மாற்றிவிட்டேன் என்றாள். அழித்ததற்கு யார் சாட்சி என்று கேட்டார் அண்ணன். பிறகு தீர்ப்பும் சொன்னார். மெஷின் வீட்டுக்குள் இருக்கலாம், கார்ட் மட்டும் கேட்டில் இருக்கும், சோதித்த பிறகு தரலாம் என்று. பெற்ற பிள்ளைக்கே இலக்கம் போட்ட பிளாஸ்டிக் அட்டை ஒன்றையும் எடுத்து நீட்டினார், பாருங்கள்!

"கார்டு இல்லாட்டி இது வெறும் பலகைப்பா" என்றாள் பிள்ளை.

"வெறும் பலகையில யாரும் களவெடுக்க முடியாதுல்ல" என்றார் அண்ணன்.

சோதனைக்கு அவர் கொண்டுபோனது கம்பளையில் போன் கடை வைத்திருக்கிற கூட்டாளி பிரதீஸிடம். அந்தக் கடைக் கம்ப்யூட்டரில் ஊரில் உள்ள கார்டெல்லாம் ஏறி இறங்கும். தொற்றாத வைரஸ் இனிமேல் பிறந்தால்தான் உண்டு. சிந்துஜா எழுதியதை அந்தக் கம்ப்யூட்டருக்கு வாசிக்கத் தெரியவில்லை. இதைத் துடைத்துத் தரட்டுமா என்று திரையில் கேட்டது. பிரதீஸ் ஆம் என்று அமத்திவிட்டார். கடைக்கு வருகிற வெற்றுக் கார்டில் பாட்டு நிரப்பிக் கொடுப்பது எங்கள் பக்கத்து வழக்கம். கூட்டாளியின் கார்டாயிற்றே என்று முருகன் பாட்டாகப் பார்த்துக் காசில்லாமலே நிரப்பியிருக்கிறார்.

கண்காட்சி அன்று காலையில் அண்ணன் அதைக் கொண்டுவந்து கொடுத்தார். "சுத்தமா இருக்கும்மா. இப்ப உள்ள முருகன் பாட்டத் தவிர ஒன்னுமே இல்ல." அவ்வளவு பெருமை அந்த முகத்தில். வேறு பிரதி இருக்கிறதா என்று நான் சிந்துஜாவிடம் கேட்டேன். பென் டிரைவ் வரக்கூடாத வீட்டில் எதில் எடுத்துவைப்பது? கண்டி மண்டபத்தில் என் மருமகள் ஒரு தகர டப்பாவையும் ஒரு பலகையையும் முன்னால் வைத்துக்கொண்டு, வந்தவர்களுக்கெல்லாம் வாயாலேயே விளக்கிக்கொண்டு நின்றாள். தெரிவாகவில்லை. மறுநாளே சாமானைக் கொண்டுபோய்ப் பள்ளிக்கூடத்தில் ஒப்படைத்துவிட்டாள்.

அந்தக் கிழமையே மழை பிடித்துக்கொண்டது. ஞாயிற்றுக்கிழமை பகல் அண்ணி வழக்கம்போல அடுப்பை அணைத்தார். அண்ணன் குசினிக்குப் பின்னால் ஒரு கதிரையைப் போட்டு, குடையைப் பிடித்துக்கொண்டு, மேட்டைப் பார்த்தபடி உட்கார்ந்துவிட்டார். உடுத்தியிருந்தது சாரம்தான் என்றாலும் தலையில் டியூட்டித் தொப்பி. சிந்துஜா வெளியே வந்து அவருக்குப் பின்னால் நின்றாள்.

"நீ போய்ப் படிம்மா. அப்பா பாத்துக்கிறேன்."

"எவ்வளவு பெஞ்சா மேடு எறங்கும்னு ஒங்களுக்குத் தெரியுமாப்பா?"

அவள் கோபமாகக் கேட்கவில்லை. கோபமாகக் கேட்டிருந்தால் அண்ணன் பதிலுக்கு ஏதாவது சட்டம் பேசியிருப்பார். மேட்டிலிருந்து செம்மண் தண்ணீர் கோடு கோடாக இறங்கி அவருடைய காலடிவரை வந்துகொண்டிருந்தது.

"தெரியாதும்மா" என்றார்.