ஆரோன் எழுதாத இசை

மேடவாக்கத்தில் ஒரு தண்ணீர் லாரிக்குப் பின்னால் ஸ்கூட்டரோடு மாட்டிக்கொண்டு நின்றபோது செய்தி வந்தது. எங்கள் சபையில் ஆர்கன் வாசிக்கும் மெர்சி அக்கா போய்விட்டார். மாரடைப்பு. பின்னால் ஹாரன் அடித்தார்கள், எனக்கு வண்டியை எடுக்கவே தோன்றவில்லை. வீடு வந்து சேர்வதற்குள் சபை வாட்ஸப் குழுவில் அடுத்த செய்தி: ஞாயிறு நினைவு ஆராதனையில் ‘மெர்சி அக்கா இயற்றிய இசை’ வாசிக்கப்படும். அதைப் படித்ததிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. அது அக்கா இயற்றியதே இல்லை.

அக்காவை அறிந்தவர்களுக்கு அந்த இசையும் தெரியும். இரண்டு வயலினும் ஆர்கனும் சேர்ந்து வாசிக்கும் சின்ன உருப்படி; ஒரு வயலின் நான். அந்தக் கால ஐரோப்பியக் கோயில்களில், ஆராதனையில் நிருபம் என்கிற வேதப் பகுதியைப் படித்து முடித்து நற்செய்தியைப் படிக்கத் தொடங்குவதற்குள் வாசிக்க எழுதியது. எங்களிடமிருந்த பிரதியில் ஒரு மகா மேதையின் பெயர் அச்சாகியிருந்தது. கிறிஸ்துமஸ் நிகழ்ச்சித்தாளில் அந்தப் பெயரைப் போட்டுவிட வேண்டும் என்று சபைச் செயலருக்கு ஒரே ஆசை. கூட்டத்தில் அக்கா கையைத் தூக்கினார்.

“ஒரு திருத்தம்.”

சிறுசேரியில் மென்பொருளில் தப்பு கண்டுபிடிப்பதுதான் அவருக்கு வேலை. கோயிலிலும் அதை விடமாட்டார். அந்த மேதை எழுதியது இல்லை என்று ஆய்வாளர்கள் எப்போதோ சொல்லிவிட்டார்கள், யார் எழுதியது என்றும் தெரியவில்லை என்றார். பெரிய பெயர் இருந்தால்தானே சனம் கேட்கும் என்று நான் சண்டைக்குப் போனேன்.

“எவனோ ஒருத்தன் சாமிக்குன்னு எழுதிட்டுப் போயிட்டான். அதை இன்னொருத்தன் பேர்ல போட நாம யாருடி?” என்றார்.

அச்சகத்துக்கு அவரே போன் செய்தார். “இசைன்னு போட்டு, பக்கத்துல யாரோன்னு போடுங்க பாய்.” அச்சகம் தாம்பரம் ஸ்டேஷனை ஒட்டி இருக்கிறது, ரயில் சத்தத்தில் அந்த பாய்க்கு என்ன கேட்டதோ, தாளில் வந்தது ‘இசை: ஆரோன்’. ஆராதனை முடிந்ததும் அக்காவை மொய்த்துக்கொண்டார்கள். இந்த ஆரோன் தம்பி எந்தச் சபை, கல்யாணம் ஆகிவிட்டதா? ஆரோனின் அப்பாவைத் தனக்கு நன்றாகத் தெரியும், பல்லாவரத்துக்காரர் என்று ஒரு பெரியவர் அடித்துச் சொன்னார். நான் வயிறு வலிக்கச் சிரித்தேன். அக்கா சிரிக்கவில்லை. ஒவ்வொருவரிடமாகப் போய்த் திருத்தினார். மார்க்கெட்டில் வாழைப்பழம் வாங்கிக்கொண்டிருந்த ஒருவரைக்கூட விடவில்லை. கூட நின்ற எனக்கு மானம் போயிற்று.

அப்படிப்பட்டவர் பெயரிலேயே இப்போது அந்த இசை. சனிக்கிழமை அவர் கணவர் தயாளன் அண்ணனிடம் போய்ச் சொன்னேன். அவர் அக்காவின் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தபடியே இருந்தார்.

“தெரியும்மா. நான்தான் அப்படிப் போடச் சொன்னேன். அவ பேர்ல ஒண்ணாவது இருக்கட்டுமே.”

அவரை மறுக்க மனசு வராமல் வந்துவிட்டேன். தூக்கம்தான் வரவில்லை.

ஞாயிறன்று ஆயர் ‘மெர்சி அக்கா இயற்றிய இசை’ என்றே அறிவித்தார். வயலினைத் தாடையில் வைத்தேன், எடுத்தேன், மறுபடி வைத்தேன். முடியவில்லை. கை தானாக மேலே போய்விட்டது.

“ஐயா, ஒரு திருத்தம். இது அக்கா எழுதினது இல்ல. யாரு எழுதினதுன்னே தெரியாது.”

எல்லாரும் தயாளன் அண்ணனைப் பார்த்தார்கள். அவர் தலை கவிழ்ந்திருந்தது. பாவி, இந்த நேரத்தில் போய் இப்படிச் செய்துவிட்டேனே என்று என்னையே திட்டிக்கொண்டேன். அவர் மெல்ல எழுந்தார்.

“ஆரோன் எழுதினது, ஐயா.”

முதலில் பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். பிறகு கோயிலே சிரித்தது. அண்ணனும் சிரித்தார், சிரித்தபடியே உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். ஆர்கனில் யாரும் உட்காராமல், இரண்டு வயலின்கள் மட்டும் வாசித்தோம்.

அக்கா எனக்கு விட்டுப்போனது அந்தக் கையைத்தான். எங்கே தப்பான பெயர் விழுந்தாலும் இனி அது என்னைச் சும்மா உட்கார விடாது. அக்கா இருந்திருந்தால் அன்றைக்கும் எழுந்து, ஆரோன் இல்லை என்று தயாளன் அண்ணனைத் திருத்தியிருப்பார்.