கேக்கம்மாவின் பிரேக்

தெருவில் அவளுக்குப் பெயர் கேக்கம்மா. பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் இருந்தது. ஆனால் அதைச் சொல்லி வீடு கேட்டால் பக்கத்து வீட்டுக்காரரே முழிப்பார். அடுக்குமாடிக் கட்டிடத்தின் தரைத்தளத்தில் இரண்டு அறை வீடு. ஓர் அறையில் ஓவனும் மாவு மூட்டையும் அட்டைப்பெட்டிகளும். மிச்சமிருந்த அறையில் அவளும் அவள் வீட்டுக்காரரும் ஒண்டிக்கொண்டார்கள்.

முன்பெல்லாம் கேக்கை வாடகை வேனில் அனுப்பிக்கொண்டிருந்தாள். மூன்று அடுக்காகக் கிளம்பியது ஒன்றரை அடுக்காகப் போய் இறங்கும். கல்யாணப் பெண் போனில் அழுவாள். இவளும் சேர்ந்து அழுவாள். அழுது அழுது அலுத்துப்போய்தான், பாதித் தலை நரைத்த வயதில் கார் ஓட்டக் கற்றுக்கொண்டு, சொந்தச் சம்பாத்தியத்தில் ஒரு புதுக் காரும் வாங்கினாள். கற்றுக்கொண்ட விதமே தனி. முன்கண்ணாடிக்குக் கீழே ஒரு கிண்ணம் நிறையத் தண்ணீர் வைத்து, அது தளும்பாமல் வண்டியை நிறுத்தப் பழகினாள். பழகி முடித்தபோது வண்டி நின்றதே உள்ளே இருப்பவர்களுக்குத் தெரியாது. வெளியே மரங்கள் நகரவில்லையே என்று பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

வீட்டுக்காரர் லிஃப்ட் பராமரிக்கும் கம்பெனியில் மேற்பார்வையாளர். லிஃப்ட் ஒருநாளும் தப்பு செய்யாது, பட்டனை அழுத்துகிறவர்கள்தான் தப்பு செய்வார்கள் என்பது அவருடைய வேதம். மனைவி ஓட்டும் காரில் முன்சீட்டில் உட்கார்ந்தால் அவருக்கு முள்ளின் மேல் உட்கார்ந்த மாதிரி. இல்லாத பிரேக்கைக் காலால் மிதித்துக்கொண்டே வருவார். மிதித்து மிதித்து அவர் காலடி ரப்பர் விரிப்பில் ஓர் இடம் வெளுத்தே போய்விட்டது.

இந்த நிலையில்தான் பிரேக் படுத்தத் தொடங்கியது. மெல்ல மிதித்தால் ஒன்றுமே ஆகாது. இன்னும் கொஞ்சம் அழுத்தினால் அப்போதும் ஆகாது. பிறகு திடீரென்று லபக்கென்று பிடிக்கும். பின்னால் இருக்கும் கேக்கின் மேலடுக்கு குனிந்து கும்பிடு போடும். போகிற இடத்தில் வாசலிலேயே நின்று க்ரீம் பூசிச் சரிசெய்ய வேண்டியதாயிற்று.

வாரண்டி இருக்கும்போது என்ன கவலை என்று சர்வீஸ் சென்டருக்குப் போனாள். போவதற்கு முன் வண்டியைக் காலிசெய்து, கழுவித் துடைத்து, பெண் பார்க்க வருகிறவர்களுக்குக் காட்டுவது போலக் கொண்டுபோய் நிறுத்தினாள். அங்கிருந்த டிரைவர் ஏறி ஒரு சுற்று போய், கரப்பான்பூச்சியை அடிப்பது போல பிரேக்கை ஓங்கி மிதித்தான். வண்டி கச்சிதமாக நின்றது. ஒரு குறையும் இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். டாக்டர் வாசலை மிதித்ததும் ஓடிப்போகிற பல்வலி வீட்டுக்கு வந்ததும் திரும்புமே, அப்படி மறுநாளே பிரேக் மறுபடி படுத்தியது. மறுபடி போனாள். மறுபடி குறை இல்லை. அதற்கடுத்த முறை வீட்டுக்காரரையும் துணைக்கு அழைத்துப் போனாள். டை கட்டிய சர்வீஸ் அட்வைசர், பல் தெரியாமல் சிரித்துக்கொண்டு சொன்னான்:

"வாரண்டி வண்டிக்குத்தான் மேடம். ஓட்டுற விதத்துக்கு இல்ல."

அவள் வீட்டுக்காரரைப் பார்த்தாள். அவர் சுவரில் மாட்டியிருந்த டயர் படத்தைப் பார்த்தார். சரி, அதோடாவது விட்டாரா? திரும்பி வரும்போது, சும்மா கிடந்த வாயை வைத்துக்கொண்டு சும்மா வராமல், விளையாட்டாக ஒன்று சொன்னார்.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னு சொன்னாளாம்."

அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. ஊரே சொல்லட்டும், இவருமா? வீடு வந்ததும் நேரே ஓவன் அறைக்குள் போய் மாவு சலிக்கத் தொடங்கினாள். கொஞ்ச நேரம் கழித்து அவரே ஓவன் அறை வாசலில் வந்து நின்றார்.

"இங்க பாரு, எனக்குப் பயமா இருக்கு. வண்டிக்கு ஒண்ணும் இல்லன்னு சொல்றாங்க. நாளைக்கு ரோட்டுல உனக்கு ஏதாவது ஆச்சுன்னா நான் என்ன பண்ணுவேன்?"

வாரண்டி இந்த மாதத்தோடு முடிகிறது. கடைசியாக ஒருமுறை காட்டுவோம். இந்தத் தடவையும் குறை இல்லை என்றால் வண்டியை விற்றுவிட்டு வேனுக்கே போவோம் என்றார். அவர் சொன்னதில் அன்பும் இருந்தது. அதனாலேயே அவளால் சண்டை போட முடியவில்லை. வேன் என்றால் பழையபடி ஒன்றரை அடுக்கு, பழையபடி போனில் அழுகை. அதைவிட, இந்த வயதில் கைக்கு வந்த ஸ்டீயரிங்கை, உனக்கு ஓட்ட வராது என்று சொல்லிப் பிடுங்குகிறார்களே என்ற ஆற்றாமை.

மறுநாள் ஒரு கேக்கின் ஓரத்துக்குப் பூ வைத்துக்கொண்டிருந்தாள். க்ரீம் பையை மெல்ல அழுத்தினால் க்ரீம் வரவில்லை. இன்னும் கொஞ்சம் அழுத்தினாள், வரவில்லை. அப்புறம் ஒரேயடியாகப் பீச்சி, பூ இருக்க வேண்டிய இடத்தில் பூசணிக்காய் வந்தது. நுனியில் சர்க்கரைக் கட்டி அடைத்திருந்தது. சலித்துக்கொண்டே அதை எடுத்துப் போட்டவள் அப்படியே நின்றாள். ஓங்கி அழுத்தியிருந்தால் கட்டி இருந்ததே தெரிந்திருக்காது. அந்த டிரைவர் மிதித்த மிதிக்கு எந்தக் கட்டி எதிர்த்து நிற்கும்? இவ்வளவு மெதுவாக மிதிக்கிற ஆள் ஊரில் தான் ஒருத்திதான் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

ஆனால் அங்கிருக்கிற ஆண்களிடம் போய் மெதுவாக மிதியுங்கள் என்றால் கேட்பார்களா? அவள் சொன்னால் கேட்க மாட்டார்கள். கேக் சொன்னால் கேட்பார்கள்.

இந்தத் தடவை வண்டியைக் காலிசெய்யவில்லை. பின்சீட்டின் நடுவில் பலகை போட்டு, அதன் மேல் மூன்றடுக்குக் கேக்கை வெள்ளைவெளேரென்று நிற்க வைத்தாள். ஏதோ ஆர்டராக்கும் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்காரர் அதன் பக்கத்தில் ஏறிக்கொண்டார். புகார் திரும்பத் திரும்ப வந்ததால் இந்த முறை மேனேஜரே வெளியே வந்தார். இளநீலச் சட்டை, பருத்த உடம்பு, நிதானமான மனிதர்.

"சார், நீங்களே ஓட்டிப் பாருங்க. ஆனா பின்னால கேக் இருக்கு, இன்னிக்கு ஒரு விசேஷத்துக்கு. இறக்கினா உடஞ்சிரும். பாத்து மெதுவா மிதிங்க சார்."

மேனேஜர் கேக்கை எட்டிப் பார்த்தார். அதன் அழகு அவரைப் பயமுறுத்தியது. அட்வைசரைக் கூப்பிட்டு, மறுபக்கம் உட்கார்ந்து பிடித்துக்கொள்ளச் சொன்னார். கேக்கம்மா முன்சீட்டில் ஏறினாள். வண்டி முட்டை ஏற்றிய தள்ளுவண்டி போல ஊர்ந்தது. முதல் சிக்னலில் சிவப்பு விழுந்தது. மேனேஜர் மெல்ல மிதித்தார். ஒன்றும் ஆகவில்லை. இன்னும் கொஞ்சம் மிதித்தார். அவர் நெற்றி சுருங்கியது. அடுத்த நொடி வண்டி லபக்கென்று நின்றது. கேக்கின் மேலடுக்கு எழுந்து, அட்வைசரின் டையில் இறங்கியது.

மேனேஜர் கண்ணாடியில் பின்சீட்டைப் பார்த்தார்.

"இதுதானாம்மா?" என்றார் மேனேஜர்.

"இதேதான் சார்."

மேனேஜருக்கு நம்பிக்கை வரவில்லை. அல்லது வந்துவிட்டதால் விட மனசில்லை. காலியான ஒரு தெருவுக்குள் திருப்பி, மெல்ல மிதித்து மிதித்துப் பார்த்தார். ஒவ்வொரு மிதிக்கும் கேக் ஒரு தவணை இறங்கியது. நடு அடுக்கு வீட்டுக்காரரின் மடிக்கு வந்து சேர்ந்தது. அவர் முகத்தில் ஈயாடவில்லை.

திரும்பி வந்து பானெட்டைத் திறந்தார்கள். நம் கால் அழுத்துவதைப் பெருக்கி பிரேக்குக்குக் கொடுக்கிற பூஸ்டருக்குள் வால்வு ஒட்டிக்கொள்கிறது. மெல்ல மிதித்தால் திறக்காமல் நின்று, பிறகு ஒரேயடியாகத் திறக்கிறது. ஓங்கி மிதித்தால் உடனே திறந்துவிடுவதால் எங்களுக்குத் தெரியாமலே போயிற்று என்று மேனேஜர் விளக்கினார். பூஸ்டரையே வாரண்டியில் மாற்றித் தருவதாகச் சொல்லி, மூன்று முறை அலைய விட்டதற்கு மனசார மன்னிப்பும் கேட்டார்.

அட்வைசர் டையைத் துடைத்தபடி வந்து நின்றான். அந்த விசேஷத்துக்கு இப்போது என்ன செய்வீர்கள் என்று தலையைக் குனிந்துகொண்டு கேட்டான்.

"விசேஷம் இங்கதான் தம்பி. இது உங்களுக்குன்னு போட்ட கேக்."

பையிலிருந்து கத்தியையும் காகிதத் தட்டுகளையும் எடுத்தாள். விசேஷம் என்று சொன்னாளே தவிர, எங்கே என்று அவள் யாரிடமும் சொல்லவில்லை. கீழடுக்கு முழுசாக இருந்தது. பட்டறையே கூடி நின்று தின்றது. அட்வைசர் இரண்டாம் தட்டு வாங்கும்போது கண்ணைப் பார்த்துச் சிரித்தான். இம்முறை பல் தெரிந்தது.

வண்டி சரியாகி வந்ததும் முதல் வேலை ஒரு கல்யாணக் கேக். வெகுதூரம். வீட்டுக்காரர் பழையபடி முன்சீட்டில் ஏறினார். கொஞ்ச தூரம் போனதும் தொண்டையைக் கனைத்தார்.

"கூடம் நெஜமாவே கோணல்தான். நான்தான் உன்னை நம்பல."

அவள் ரோட்டைப் பார்த்தபடியே தலையாட்டினாள். மனசுக்குள் ஏதோ ஒரு கட்டி கரைந்தது போலிருந்தது. அவரிடம் இன்னும் ஒன்று கேட்க நினைத்துத் திரும்பினால், மனுஷர் வாயை லேசாகத் திறந்துகொண்டு தூங்கிப்போயிருந்தார். இந்தக் காரில் அவர் ஒருநாளும் தூங்கியதில்லை. விரிப்பில் வெளுத்திருந்த இடத்துக்கு எட்டாமல் அவர் கால்கள் மடங்கிக் கிடந்தன.

எதிரே சிக்னலில் சிவப்பு விழுந்தது. அவள் மெல்ல மிதித்தாள். வண்டி நின்றது. அவர் விழிக்கவில்லை.