அம்மா தின்றதாகச் சொன்ன ஓட்ஸ்

மென்பொருளில் பிழை தேடுவது என் வேலை. பாலக்கோட்டில் எங்கள் வீட்டு முன்னறையில் உட்கார்ந்து பெங்களூர் நிறுவனம் ஒன்றுக்காக அதைச் செய்கிறேன். பயனர் எந்த இடத்தில் எதைத் தப்பாக நிரப்புவார் என்று யோசிப்பதற்குத்தான் சம்பளம். அப்படிப்பட்ட நான் அம்மாவின் பெருங்குடல் புற்றுநோய்க்கு ஒரு செயலியை நம்பினேன்.

அறுவைச் சிகிச்சை முடிந்து, மூன்று வாரத்துக்கு ஒருமுறை கீமோ மருந்து ஏற்றுவதாக இருந்தார்கள். டாக்டர் ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார்: எடை குறையக் கூடாது. குறைந்தால் உடம்பு மருந்தைத் தாங்காது, அடுத்த முறை தள்ளிப்போகும். இதில் தொழில்நுட்பம் எதுவும் இல்லாததால் எனக்கு அது போதவில்லை.

செயலிக்காரர்களின் இணையக் கூட்டத்தில் பேசியவர், “உங்கள் குடல் ஒரு பிரபஞ்சம்” என்றார். நான் அப்போதே வெளியேறியிருக்க வேண்டும். குறிப்பெடுத்தேன். குடல் பாக்டீரியாவைச் சோதித்து, செயற்கை நுண்ணறிவு ஒவ்வொருவருக்கும் தனியாக உணவுப் பட்டியல் போடுமாம். ஒரு சின்னக் குப்பி வந்தது. அதில் அம்மாவின் மலத்தை எடுத்து கூரியரில் அனுப்ப வேண்டும்.

“இதையா அனுப்பறே? உள்ள என்னன்னு கேட்டா என்ன சொல்லுவே?” என்றாள் அம்மா.

“சாம்பிள்னு சொல்லுவேன்.”

“ஆமா, பாலக்கோட்டுத் தக்காளி சாம்பிள்.”

அறிக்கை வந்தது. நல்ல பாக்டீரியாக்கள் பச்சை நிறம், கெட்டவை சிவப்பு, மீதி சாம்பல் நிறத்தில் ‘ஆய்வில் உள்ளவை’. அம்மாவின் குடலில் பெரும்பகுதி ஆய்வில் இருந்தது. அடுத்த பக்கத்தில் பட்டியல்: காலையில் பால் சேர்க்காத ஓட்ஸ், மதியம் கினோவாவும் வேகவைத்த புரோக்கோலியும், மாலையில் புளூபெர்ரி ‘அல்லது அதற்கு நிகரானது’. பிறந்ததிலிருந்து களி தின்று வளர்ந்தவள் அம்மா. தேடுமிடத்தில் கேழ்வரகு என்று அடித்தேன். கேழ்வரகு பிஸ்கட்டைக் காட்டி, தவிர்க்கச் சொன்னது.

காலையில் ஓட்ஸைக் கிண்டி அம்மாவின் கையில் கொடுத்துவிட்டு மீட்டிங்கில் உட்கார்ந்துவிடுவேன். சாப்பிட்டாளா என்று கேட்க செயலியே தினமும் மூன்று வேளை தொலைபேசியில் கூப்பிடும். செய்தி வாசிக்கும் குரல்.

“வணக்கம். காலை உணவை முழுமையாக உட்கொண்டீர்களா?”

“ஆச்சுங்க. நீங்க சாப்டீங்களா?”

“உங்கள் பதில் பதிவு செய்யப்பட்டது.”

“பாவம், அதுக்கு யாரும் சோறு போடல போல” என்பாள் அம்மா, போனை வைத்துவிட்டு.

வாரக் கடைசியில் செயலி எனக்குப் பாராட்டு அனுப்பும். உங்கள் தாயார் திட்டத்தை முழுமையாகப் பின்பற்றுகிறார், பச்சை நட்சத்திரம். ஐந்து நட்சத்திரங்கள் சேர்ந்தபோது அம்மா ஐம்பத்திரண்டு கிலோவிலிருந்து நாற்பத்தேழுக்கு வந்திருந்தாள். செயலியிடம் கேட்டேன். உடல் புதிய உணவுக்குப் பழகுகிறது என்றது. அதையும் நம்பினேன்.

டாக்டர் நம்பவில்லை. இன்னும் குறைந்தால் அடுத்த மருந்து கிடையாது, ஒரு வாரம் பார்க்கலாம் என்றார். நான் நீட்டிய செயலி அறிக்கையைப் புரட்டிவிட்டு ஒரே கேள்வி கேட்டார்.

“ஆபரேஷனுக்கு ஆன்டிபயாடிக் குடுத்தமே, அதுக்கு அடுத்த வாரமே எடுத்த சாம்பிளா இது?”

ஆமாம். அந்த மருந்து பாக்டீரியாக்களைக் கலைத்துப் போட்டிருந்த நேரத்தில் எடுத்தது. வெள்ளம் வடிந்த மறுநாள் ஊரைக் கணக்கெடுத்த மாதிரி. மருந்து விவரம் கேட்க அந்தச் செயலியில் ஓர் இடமே இல்லை. நானும் தேடவில்லை.

அவர் எங்களை உணவு ஆலோசகரிடம் அனுப்பினார். பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கத்துப் பெண், என் வயதுதான் இருக்கும். மேசையில் கணினிகூட இல்லை. அம்மாவிடம் சாப்பிட்டீர்களா என்று அவள் கேட்கவே இல்லை.

“காலைல பாத்திரத்துல எவ்வளவு மீந்துச்சுங்கம்மா?”

“முக்காவாசி மீந்துச்சு.”

“அதை என்ன பண்ணீங்க?”

“கோழிக்குப் போட்டேன்.”

“கோழிங்க தின்னுச்சா?”

“மொத நாளு தின்னுச்சு. அப்பறம் அதுங்களும் திரும்பிப் பாக்கல.”

அந்தப் பெண் சிரித்துவிட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

“ஏம்மா, போன்ல ஆச்சு ஆச்சுன்னு சொன்னியே?”

“கேட்டா ஆச்சுன்னுதானே கண்ணு சொல்லணும்? இல்லேன்னா கேட்டவங்க வூட்ல போட்டுக் குடுக்கணுமில்ல?”

எங்கள் ஊரில் பேருந்தில் பார்த்தாலும் துக்க வீட்டில் பார்த்தாலும் முதல் கேள்வி சாப்பிட்டாச்சா என்பதுதான். பதிலும் ஒன்றுதான். பட்டினி கிடக்கிறவர்கூட ஆச்சு என்பார். இந்த ஊரில் பிறந்து, தவறான தரவைப் பிடிப்பதையே தொழிலாகக் கொண்ட நான், ஆயிரம் மைலுக்கு அப்பால் ஓர் இயந்திரம் அந்த மரியாதையைத் தரவாக்கி நட்சத்திரம் கொடுத்ததைப் பார்த்து மகிழ்ந்திருக்கிறேன். அதற்கு அறிவு என்று பெயர் வைத்தவர்களைவிட நான் ஒன்றும் மேலில்லை.

அந்தப் பெண் எழுதிக் கொடுத்தது அரைப் பக்கம். சூடான களி, வேகவைத்த முட்டை, பருப்பு; எதுவானாலும் கொஞ்சம் கொஞ்சமாக, இரண்டு மணிக்கு ஒருமுறை. கீழே எனக்கு ஒரு வரி: சாப்பிடும்போது பக்கத்தில் உட்காரவும். காலை மீட்டிங்குகளுக்குப் போவதை நிறுத்தினேன்.

அடுத்த வாரம் எடை மேடையில் அம்மா ஏறியபோது எண்கள் கொஞ்ச நேரம் ஆடின. நாற்பத்தேழில் நின்றன. கூடவில்லை, குறையவுமில்லை. நர்ஸ் குறித்துக்கொண்டு, “உள்ள போய்ப் படுங்கம்மா, மருந்து ஏத்திரலாம்” என்றார்.

அம்மா இறங்கி என்னை முறைத்தாள்.

“செருப்போட ஏறிக்கிறேன்னு சொன்னேன். நீதான் வுடல.”