வலைக்கு வெளியே கொட்டிய உப்பு

மான் கடித்த மரக்கன்றைப் பார்த்தவுடன் தெரிந்துவிடும். மேல்வரிசையில் முன்பல் இல்லாத பிராணி அது. நறுக்காது, பிடித்து இழுத்துக் கிழிக்கும். கோத்தா திங்கியில் காட்டை ஒட்டியிருந்த எங்கள் டுரியான் பழத்தோட்டத்தில் முதல் முறை நட்ட கன்றுகள் எல்லாம் அப்படித்தான் கந்தலாக நின்றன. நான் அங்கே கிராணியாகச் சேர்ந்து நாலைந்து மாதம்தான் ஆகியிருந்தது. கணக்கெழுதும் வேலை என்றாலும் அந்தக் கன்றுகளைப் பார்த்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது.

இரண்டாம் முறை நட்டபோது, தோட்டத்து முதலாளியான சீனத் தவுக்கே மண்டோரைக் கூப்பிட்டு ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார். இதுவும் போனால் உனக்கு இங்கே வேலை இல்லை. ஆட்களை வைத்து வேலை வாங்கும் மண்டோருக்கு ஐம்பதைத் தாண்டிய வயது. தோட்டம் கொடுத்த வீட்டை விட்டால் தங்க வேறு இடம் கிடையாது. ஒவ்வொரு கன்றுக்கும் தானே கம்பிக்கூண்டு மாட்டினார், சுற்றிலும் வலை கட்டினார். தினமும் காலையில் தேத்தண்ணிகூடக் குடிக்காமல் வலையைச் சுற்றி வருவார். அவர் திரும்பி வரும்வரை நான் கணக்குப் புத்தகத்தைத் திறக்காமல் வாசலிலேயே நிற்பேன்.

அந்தப் பயத்தில் நான் ஒரு காரியம் செய்தேன். எங்கள் வீட்டில் யாருக்கு என்ன வந்தாலும் கண் பட்டுவிட்டது என்று உப்பும் மிளகாயும் சுற்றிப் போடுவார்கள். செவ்வாய்தோறும் ஆட்கள் போன பிறகு, கை நிறையக் கல்லுப்பும் மிளகாயும் அள்ளிக் கன்றுகளைப் பார்த்து மூன்று முறை சுற்றி, வலைக்கு வெளியே நாலு மூலையிலும் புல் மறைவில் கொட்டினேன். மழையில் உப்பு கரைந்தது. திருஷ்டியும் கரைந்தது என்று நினைத்துக்கொண்டேன், பெரிய புத்திசாலி.

மானுக்கு உப்பென்றால் உயிர் என்பது எனக்குத் தெரியாது.

நாலாவது வாரம் ஒரு மூலையில் வலை சாய்ந்து கிடந்தது. கூண்டுகள் உருண்டிருந்தன. பாதிக் கன்றுகள் கந்தல். அந்த மூலையில் மான்கள் மண்ணை நக்கி நக்கியே குழி பறித்திருந்தன. மண்டோர் குந்தி உட்கார்ந்து ஒரு சிட்டிகை மண்ணை நாக்கில் வைத்தார். சேற்றில் கிடந்த மிளகாயை எடுத்து என்னைப் பார்த்தார். பிறகு அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

அன்று மதியமே தவுக்கே வந்தார். குழியைப் பார்த்ததும் அவருக்கும் புரிந்துவிட்டது. உப்புப் போட்டது யார் என்று மலாயில் கத்தினார்.

"சாயா, தவுக்கே. நான்தான்," என்றார் மண்டோர்.

நான் பக்கத்தில்தான் நின்றேன். வாய் வரவில்லை.

சாயங்காலம் அவர் மோட்டார் சைக்கிளில் மூட்டையைக் கட்டும்போது ஓடினேன். "அண்ணே, நான் போய் உண்மையைச் சொல்லிடுறேன்."

"சொல்லி? ரெண்டு பேரும் போவோமா? மிச்சக் கன்னுக்கு யாரும்மா கூண்டு மாட்டுறது? நீ என்ன கெடுதல் நெனச்சா செஞ்ச? உள்ள போ லா, மழை வருது."

கூண்டு மாட்டினேன். மிஞ்சிய மரங்கள் இப்போது காய்க்கின்றன. மண்டோர் பார்த்த வேலையை நான்தான் பார்க்கிறேன். இவளைப் போல நம்பிக்கையான ஆள் கிடைக்காது என்று வருகிறவர்களிடமெல்லாம் தவுக்கே சொல்கிறார். பக்கத்தில்தான் நிற்கிறேன். இன்னும் வாய் வரவில்லை.