சிதம்பரம் வரைக்கும் ஒரு விமானம்

காதில் பஞ்சு அடைத்துக்கொண்டு கடலூரிலிருந்து சிதம்பரத்துக்கு டவுன் பஸ்ஸைப் போல நின்று நின்று போகிற வண்டியில் பயணம் செய்த குடும்பம் எங்களுடையது ஒன்றாகத்தான் இருக்கும். நான் அப்போது எட்டாவது படித்துக்கொண்டிருந்தேன். நாலு பேர் என்னைத் திரும்பிப் பார்த்தாலே காய்ச்சல் வருகிற மாதிரி இருக்கும் எனக்கு. அன்று ஒரு பஸ்ஸே திரும்பிப் பார்த்தது.

எல்லாம் அக்காவின் விசாவால் வந்தது. அக்காவின் வீட்டுக்காரர், எங்களுக்கு மாமா, மஸ்கட்டில் ஏசி மெக்கானிக்காக இருந்தார். அக்கா இரண்டாவது பிரசவத்துக்கு கடலூர் செம்மண்டலத்திலிருந்த எங்கள் வீட்டுக்கு வந்தவள், பிள்ளை பிறந்து ஏழு மாதமாகியும் எங்களோடுதான் இருந்தாள். பெரியவளுக்கு இரண்டரை வயது. மாமா மூன்று பேருக்கும் சேர்த்து விசா அனுப்பிவிட்டார். ஆனால் அவருக்கு லீவு இல்லை. அக்காவே பிள்ளைகளோடு தனியாகப் போய்ச் சேர வேண்டும்.

மாமாவின் அம்மா சிதம்பரத்தில் இருந்தார். சிதம்பரத்து அத்தை என்போம். விசா வந்த மறுநாளே அவர் போன் செய்துவிட்டார். "கைக்கொழந்தைய ஒரு கையில, இத ஒரு கையில புடிச்சிக்கிட்டு பெட்டிய எந்தக் கையில இழுப்பா? பெரியவ என்கிட்ட இருக்கட்டும். அடுத்த வருசம் அவன் லீவுல வரும்போது கூட்டிட்டுப் போவட்டும்." மாமாவும் போனில், அம்மா சொல்றதும் சரிதான் என்றார். அப்பாவும், ஒரு வருசம்தானே என்றார். அக்கா மட்டும் பின்கட்டுக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள்.

எனக்கு அதில் அழ என்ன இருக்கிறது என்று விளங்கவில்லை. என்னையே அப்படி விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். அப்பாவுக்கு பெங்களூரில் வேலை கிடைத்தபோது தம்பி கைக்குழந்தை, எனக்கு இரண்டு வயது. இரண்டையும் சமாளிக்க முடியாதென்று என்னைப் பண்ருட்டிப் பெரியம்மா வீட்டில் விட்டுவிட்டு அக்காவையும் தம்பியையும் கூட்டிக்கொண்டு போனார்களாம். ஒன்றரை வருடம் கழித்து அழைத்துப்போக வந்த அம்மாவைப் பார்த்து நான் பெரியம்மாவின் புடவைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, "இவுங்க யாரு?" என்று கேட்டேனாம். விருந்தாளி யார் வந்தாலும் அம்மா இந்தக் கதையைச் சொல்லிச் சிரிப்பாள். எனக்கு அது ஒன்றும் நினைவில்லை. எங்கள் வீட்டு ஜோக்குகளில் அதுவும் ஒன்று, அவ்வளவுதான்.

ஆனால் அத்தையின் யோசனையைக் கேட்டதும் அம்மா சிரிக்கவில்லை. இவ்வளவுக்கும் சம்பந்தி என்றால் கொஞ்சம் அடங்கிப் பேசுகிறவள் அவள். "ரெண்டும் போவும் அண்ணி," என்றாள் போனில். "வர்ற ஞாயித்துக்கெழம அவளே ரெண்டையும் தூக்கிக்கிட்டு சிதம்பரத்துல வந்து எறங்குவா. யாரும் கை குடுக்க மாட்டோம். பாத்துட்டு அப்பறம் நீங்க சொல்றதச் சொல்லுங்க."

அன்றிலிருந்து எங்கள் வீட்டுக் கூடம் விமானமாகிவிட்டது. பக்கத்துத் தெருவில் துபாய்க்குப் போய் வந்த ஒரு அக்கா இருந்தார். அம்மா அவரிடம் போய் ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டு வந்தாள். பிளேனில் பெல்ட் போட்டு உட்கார வேண்டும் என்று அவர் சொன்னதும், பிளாஸ்டிக் நாற்காலியில் பெரியவளை உட்காரவைத்து அப்பாவின் துண்டால் இடுப்பைக் கட்டினாள். முதல் நாள் அவள் கத்தினாள். மூன்றாம் நாள் தன் பொம்மையைக் கட்டிப்போட்டு, "ஆடாத, பிளேன் போவுது" என்று அதட்டினாள். தூளி கட்ட முடியாது என்று தெரிந்ததும், சின்னவனின் தூளியை அவிழ்த்துவிட்டார்கள். தூளியில்லாமல் தூங்காத பிள்ளை அவன். இரண்டு மூன்று நாள் வீறிட்டு அழுத அழுகையில், பக்கத்து வீட்டுக்காரம்மா சுவருக்கு மேல் தலையை நீட்டி, "கொழந்தைய என்னா பண்றீங்க?" என்றே கேட்டுவிட்டார். நான் அந்தப் பக்கம் போவதையே விட்டுவிட்டேன்.

பையைக் கட்டுவதும் அவிழ்ப்பதுமாக ஒரு வாரம் போனது. ஒவ்வொரு வேளைக்கும் பால் பவுடரை அளந்து தனித்தனி டப்பாவில் போட்டு, பழைய வேட்டியைக் கிழித்து மடித்து, வாந்தி எடுக்க கேரி பேக், மாற்றுச் சட்டை, கிரைப் வாட்டர் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு ஜிப். அப்புறம் அக்காவின் இடுப்பில் சின்னவனை வைத்து, ஒரு கையால் அவள் கண்ணைப் பொத்திவிட்டு அம்மா கேட்பாள்: "பால் புட்டி!" அக்கா தடவி எடுக்க வேண்டும். "துணி!" எடுக்க வேண்டும். தப்பான ஜிப்பைத் திறந்தால் முதலிலிருந்து.

"போம்மா, எனக்கு என்னா பரிட்சையா இது?" என்றாள் அக்கா ஒரு நாள்.

"பரிட்சதாண்டி," என்றாள் அம்மா.

பெரியவள் கூட்டத்தில் ஓடிவிடக் கூடாது என்று என்னுடைய நீல நிறத் துப்பட்டாவை எடுத்து ஒரு முனையை அவள் இடுப்பிலும் மறு முனையை அக்கா இடுப்பிலும் முடிந்தாள். கேட்காமலே எடுத்துக்கொண்டாள். கடைசியில் பஞ்சு. மேலே ஏறும்போது காது வலிக்கும் என்று துபாய் அக்கா சொல்லியிருந்தார். பெரியவள் பஞ்சைப் பிடுங்கி எறிந்தாள். மற்றவர்கள் காதிலும் இருந்தால்தான் அவளும் வைத்துக்கொள்வாள் என்று அம்மா கண்டுபிடித்தாள். அதனால் ஞாயிற்றுக்கிழமை காலையில் எல்லோர் காதிலும் பஞ்சு.

அப்பாவும் தம்பியும் வீட்டிலேயே இருந்துகொண்டார்கள். பஸ் ஸ்டாண்டில் அக்காவை முதலில் ஏறவிட்டாள் அம்மா. முன்பக்கம் இரண்டு பேர் உட்காரும் சீட்டில் அக்காவும் பிள்ளைகளும். மூன்று சீட்டு தள்ளிப் பின்னால் அம்மாவும் நானும். "நாம இல்லன்னு நெனச்சிக்க" என்று அக்காவிடம் சொல்லிவிட்டுத்தான் பின்னால் வந்தாள். உட்கார்ந்த பிறகுதான் பார்த்தேன், பக்கத்து வரிசையில் எங்கள் வகுப்புப் பெண் ஒருத்தி அப்பா அம்மாவோடு உட்கார்ந்திருந்தாள். அவள் என் காதைப் பார்த்தாள். நான் மெல்லப் பஞ்சை எடுக்கப் போனேன். அம்மா என் கையைத் தட்டிவிட்டாள். "பெரியவ திரும்பிப் பாத்தான்னா அவளும் புடுங்கிப் போட்டுடுவா. வச்சிக்க."

ஆலப்பாக்கம் வரை ஒன்றுமில்லை. அதைத் தாண்டியதும் சின்னவன் ஆரம்பித்தான். அக்கா ஒரு கையால் ஜிப்பைத் தடவி, டப்பாவை எடுத்து, பிளாஸ்க் வெந்நீரை ஊற்றி, பாட்டில் மூடியைப் பல்லால் கடித்துத் திருகினாள். பாட்டிலை அவன் வாயில் வைக்கவும் பஸ் ஒரு வேகத்தடையில் தூக்கிப் போடவும் சரியாக இருந்தது. பால் அக்காவின் மேல் கொட்டியது. அந்த நேரம் பார்த்துப் பெரியவள் வாந்தி எடுத்தாள். பாதி அக்காவின் மடியில், மீதி நின்றுகொண்டிருந்த ஒருவருடைய செருப்பில்.

பக்கத்திலிருந்த ஒரு அம்மாள் எழுந்து, "கொழந்தைய இப்படிக் குடும்மா" என்று கையை நீட்டினார்.

"வாங்காதீங்கம்மா!" என்று என் அம்மா பின்னாலிருந்து கத்தினாள். காதில் பஞ்சு இருந்ததால் தன் குரல் எவ்வளவு பெரிது என்று அவளுக்கே தெரியவில்லை. "அவளே பாத்துக்குவா! குடுக்காதடி!"

பஸ் முழுக்கத் திரும்பியது. அந்த அம்மாள், "இது யாரு?" என்றார்.

"எங்கம்மா," என்றாள் அக்கா, தலையை நிமிர்த்தாமல்.

"பெத்தவளா? நான் மாமியாக்காரின்னு நெனச்சேன்."

கண்டக்டர் எங்களிடம் வந்தார். "ஏம்மா, புள்ள அந்தத் தவி தவிக்குது. நீ கையக் கட்டிக்கிட்டு ஒக்காந்திருக்கிற. சண்டையா?"

"சண்டையெல்லாம் இல்லீங்க. பிளைட்டுல தனியாப் போவப்போறா. அதுக்குப் பழகறா."

"பிளைட்டு எங்கேர்ந்து? அடுத்த ஸ்டாப்பு புதுச்சத்திரத்துலேர்ந்தா?" என்றார் கண்டக்டர். பஸ் சிரித்தது. பின் சீட்டிலிருந்து ஒருவர், "அப்ப ஜன்னல மூடுங்கப்பா, மேல ஏறப் போவுது!" என்றார். மறுபடியும் சிரிப்பு. என் வகுப்புப் பெண் சிரிக்காமல் இருக்கப் பார்த்து முடியாமல் அம்மாவின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். அந்த வருடம் முழுக்க வகுப்பில் என் பெயர் ஏர் ஹோஸ்டஸ்.

நான் குனிந்து என் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா என் முழங்காலைப் பிடித்திருந்தாள். சின்னவன் வீறிடும் ஒவ்வொரு முறையும் அவள் நகம் பாவாடைக்கு மேலாகவே அழுந்தியது. என் மேல் என்ன கோபம் என்று நினைத்துக்கொண்டேன்.

அக்கா அழுதபடியே முன் ஜிப்பிலிருந்து துணியை எடுத்தாள். பெரியவளைத் துடைத்தாள். செருப்புக்காரருக்கும் ஒரு துணி கொடுத்தாள். இன்னொரு டப்பாவைத் திறந்து மறுபடி பால் கலக்கினாள். சிதம்பரம் வருவதற்குள் இரண்டும் அவள் மேலேயே தூங்கிவிட்டன.

சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் அத்தை குடையோடு நின்றிருந்தார். அக்கா முதலில் பையை இறக்கினாள். பிறகு பெரியவளை. பிறகு சின்னவனை மார்போடு அணைத்துக்கொண்டு தானும் இறங்கினாள். தலை கலைந்து, துணியெல்லாம் பாலும் வாந்தியுமாக. பின்னால் நானும் அம்மாவும் வெறுங்கையை வீசிக்கொண்டு. அத்தை பேத்தியைத் தூக்கப் போனார். துப்பட்டா இழுத்துப் பிடித்தது.

"இது என்னா அண்ணி, கன்னுக்குட்டிய கட்டற மாதிரி கட்டி வச்சிருக்கீங்க? காதுல என்னா பஞ்சு?"

டீக்கடையில் நின்றவர்கள் எல்லாம் பார்த்தார்கள். தரை பிளந்தால் உள்ளே போய்விடலாம் போல இருந்தது எனக்கு.

வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டு முடித்த பிறகு அத்தை பேச்சை எடுத்தார். கோபமாகப் பேசவில்லை. பெரியவளை மடியில் வைத்துத் தலையைத் தடவிக்கொண்டே பேசினார். "வந்துட்டா, இல்லன்னு சொல்லல. ஆனா எப்படி வந்தா, பாத்தீங்க இல்ல? எதுக்கு இவ்ளோ கஷ்டம்? ஏன் அண்ணி, நீங்களே இவள விட்டுட்டு பெங்களூர் போவலியா?" என்று என்னைக் காட்டினார். "நல்லாத்தானே இருக்கிறா? கொறஞ்சா போயிட்டா?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் தட்டில் ஒட்டியிருந்த சோற்றைக் கிள்ளிக்கொண்டிருந்தேன். அம்மா அந்த ஜோக்கைச் சொல்லப் போகிறாள், எல்லோரும் சிரிப்பார்கள், அதோடு போய்விடும் என்று காத்திருந்தேன்.

அம்மா சொல்லவில்லை. வந்ததும் காதிலிருந்து எடுத்த பஞ்சை விரலால் உருட்டிக்கொண்டே இருந்தாள். "ஆமா அண்ணி," என்றாள். "விட்டுட்டுத்தான் போனேன்."

இவ்வளவு பேர் நடுவில் இப்படியா சொல்வது என்று எனக்கு முகம் எரிந்தது. ஜோக்காகச் சொல்லியிருந்தால் என்ன?

கொஞ்ச நேரம் கழித்து அத்தை பெரியவளை மடியிலிருந்து இறக்கிவிட்டார். "சரி, ரெண்டும் போவட்டும். அவன்கிட்ட நான் சொல்லிக்கறன். எனக்குத்தான் வீடு வெறிச்சினு கெடக்கும்," என்றார். எழுந்து போய் அக்காவுக்கு ஒரு புதுப் புடவை எடுத்து வந்து, மாற்றிக்கொள்ளச் சொன்னார். சின்னவனுக்குப் பால் கலக்கும்போது மட்டும், "எந்த ஜிப்பு?" என்று அக்காவைக் கேட்டுக் கேட்டுச் செய்தார்.

புருஷன் வீட்டிலிருந்துதான் புறப்பட வேண்டும் என்று அக்காவையும் பிள்ளைகளையும் அங்கேயே இருக்கச் சொல்லிவிட்டார்கள். சாயங்காலம் நானும் அம்மாவும் மட்டும் திரும்பினோம். பஸ்ஸில் பாதி சீட்டு காலி. அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்து பஞ்சை மறுபடியும் காதில் வைத்துக்கொண்டாள். "எரைச்சல் இல்லாம நல்லாத்தான் இருக்குது," என்றாள். எனக்கும் நீட்டினாள். நான் வாங்கவில்லை.

வெள்ளாற்றுப் பாலம் வரும்போது என் மணிக்கட்டில் ஏதோ பட்டது. குனிந்து பார்த்தேன். அம்மா வெளியே பார்த்தபடியே தன் முந்தானையின் முனையை என் கையில் சுற்றி ஒரு முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தாள். பதின்மூன்று வயதுப் பெண்ணை, அத்தனை பேர் பார்க்க. எதிர் சீட்டில் ஒரு காலேஜ் பையன் வேறு உட்கார்ந்திருந்தான்.

"அவுத்துடும்மா, எல்லாரும் பாக்கறாங்க," என்றேன்.

அம்மா திரும்பவில்லை. நான் இன்னும் சத்தமாகச் சொன்னேன். அப்போதும் அவள் முடிச்சை இறுக்கிக்கொண்டு வெளியேதான் பார்த்துக்கொண்டிருந்தாள். காதில் பஞ்சு இருப்பதால்தான் நான் சொன்னது அவளுக்குக் கேட்கவில்லை என்று நினைத்தேன்.