தாவூது பாயே, கையை எடு

திருநாவுக்கரசு தீவில், ஹேடோ துறையில் கப்பலுக்கு மரம் ஏற்றும் ஆட்களுக்குப் பாட்டுக்காரர். ராமநாதபுரம் பக்கத்து உப்பளம் ஒன்றிலிருந்து ஐம்பத்து நாலில் கப்பலேறி வந்தவர். தகரத்தில் ஆணி கீறுகிற மாதிரிக் குரல். ஆனால் கப்பலின் இரைச்சலைத் தாண்டிக் கேட்கும்.

வேலை இப்படித்தான். படாக் என்கிற கனத்த காட்டுமரத் துண்டுக்கு அடியில் கடப்பாரைகளைக் கொடுத்து ஆட்கள் நெம்பித் தூக்கிப் பிடிப்பார்கள். திருநாவுக்கரசு, கூட்டத்துக்கு அரசு, ஓர் அடி பாடுவார். அந்த அடி ஓடுகிற நேரத்தில் கூட்டாளி சேக் தாவூது குனிந்து மரத்துக்கடியில் உருளைக்கட்டையைச் செருக வேண்டும். அடி முடிந்ததும் எல்லோரும் ‘ஏலேலோ’ என்று மரத்தை இறக்குவார்கள். கட்டை சிக்கிக்கொண்டால் அரசு அடியை இழுப்பார். மேஸ்திரியின் தொப்பை, கேன்டீன் டீ, தாவூதின் மாமியார் என்று வாயில் வந்ததெல்லாம் பாட்டுக்குள் போகும். கடைசியில் “தாவூது பாயே, கையை எடு” என்று பாடி, கை வெளியே வந்ததைக் கண்ணால் பார்த்த பிறகுதான் நிறுத்துவார். அந்தக் கூட்டத்தில் வங்காளிக்கும் தெலுங்கருக்கும் தெரிந்த தமிழ் அது ஒன்றுதான்.

அறுபத்தேழில் மெயின்லேண்டிலிருந்து நாட்டுப்பாட்டு சேகரிக்கிற ஒருவர் டேப் ரிக்கார்டரோடு வந்தார். நல்ல மனிதர். எல்லோருக்கும் பீடி வாங்கிக் கொடுத்தார். கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு அரசுவிடம் வந்தார். 

“பாட்டு பிரமாதம். நடுவுல யார் யார் பேரோ வருதே, அதையெல்லாம் விட்டுட்டு ஒரே அளவா பாட முடியுமா?”

“அது பாட்டு இல்லீங்க, வேலை.”

“ஒரே ஒரு தடவை. ரேடியோவுல வரும்.”

தாவூதுதான் சிரித்தார். “பாடு மாப்ள. எம் மாமியா ரேடியோ ஏற வேணாம்.”

அரசு முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டு மைக்கைப் பார்த்துப் பாடினார். அடிகள் அளவாக விழுந்தன. இது தன் குரல்தானா என்று அவருக்கே ஆச்சரியம். மூன்றாவது அடியில் உருளைக்கட்டை கல்லில் சிக்கிக்கொண்டது. அவர் பார்க்கவில்லை. அடி அளவாக முடிந்தது. ‘ஏலேலோ’ என்றார்கள். மரம் இறங்கியது.

தாவூதின் வலது கையில் கட்டைவிரலும் சுண்டுவிரலும் மிஞ்சின.

தன் கடப்பாரைதான் வழுக்கிவிட்டது என்று கூட்டத்துத் தெலுங்கன் அப்பாராவ் நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதான். மேஸ்திரியும் அப்படியே சொன்னார். ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு தாவூது கேட்டார். “கடப்பாரை வழுக்கிருச்சாமே?” அரசு கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு, ஆமாம் என்றார்.

அதற்குப் பிறகு அவர் பாடவில்லை. “க்யா உஸ்தாத், கலா கராப்?” என்று வங்காளிகள் கேட்டார்கள். ஆமாம், கெட்டுவிட்டது என்று தொண்டையைத் தொட்டுக் காட்டினார். மரம் ஏக், தோ, தீன் என்று ஏறியது.

தாவூது டாலிகஞ்சில் மளிகைக்கடை போட்டார். அவர் மனைவி சபீஹா நிறுத்துக் கொடுத்தாள். வேலை முடிந்ததும் அரசு அங்கே போய்விடுவார். ஹேடோவிலிருந்து நடக்கும்போது சொல்ல வேண்டியது வாயில் தயாராக இருக்கும். கடைக்குப் போனதும் அரிசி மூட்டையைத் தூக்குவார். “எங்க வூட்டு ஆளவிட நீங்கதாண்ணே மொதலாளி மாதிரி” என்பாள் சபீஹா. அன்றைக்கும் சொல்லாமல் திரும்புவார்.

ஒரு சாயங்காலம் ரேடியோவில் அந்தப் பாட்டு வந்தது. தாவூது ஒலியைக் கூட்டிவிட்டு, இருக்கிற இரண்டு விரல்களால் கல்லாப்பெட்டியில் தாளம் போட்டார். இரண்டு அடிகள். அதோடு வெட்டி, நாகசுரம் போட்டுவிட்டார்கள்.

“எவ்ளோ நல்லாருக்கு அண்ணே ஒங்க கொரலு” என்றாள் சபீஹா.

தாவூதின் விரல்கள் நின்றிருந்தன.

“எம் பேரு வரலயே மாப்ள.”

“விட்டுட்டுப் பாடச் சொன்னாருல்ல.”

“மாமியாள விடச் சொன்னது நாந்தான். கையை எடுங்கிறது?”

“அதையும் விட்டுட்டேன்.”

“மூணாவதுலயுமா?”

“மூணாவதுலயும். மைக்கப் பாத்துக்கிட்டிருந்தேன் பாய். ஒங்க கையப் பாக்கல.”

சபீஹா ரேடியோவை அணைத்துவிட்டு உள்ளே போனாள்.

“அப்பாராவ் என்னய ரோட்டுல கண்டா இன்னமும் அழுவுறான்” என்றார் தாவூது. குரலில் கோபம் இல்லை. அரசு அதைத் தேடிப் பார்த்தார்.

கடை சாத்துகிற நேரம். அரசு வழக்கம்போலக் கதவுப் பலகைகளை ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து வாசல் காடிப் பள்ளத்தில் இறக்கினார். கடைசிப் பலகையைத் தூக்கியபோது காடியில் தாவூதின் இடது கை இருந்தது. நல்ல கை.

“பாய், கை.”

தாவூது கையை எடுக்கவில்லை. அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“பாட்டா சொல்லு.”

பலகை கனத்தது. அரசு வாயைத் திறந்தார். பாட்டு வரவில்லை. வெளியே மண்ணெண்ணெய்க்கு வந்த ஒருவன், சாத்தின கடையைப் பார்த்து, “பாய், துகான் பந்த் ஹோ கயா?” என்று கேட்டான். அரசு பலகையை மார்போடு அணைத்து, இறக்காமல், அந்தக் கையைப் பார்த்தபடி நின்றுகொண்டிருந்தார்.