எண்ணெய் பார்க்க வந்தவர்

என்னைப் போன்ற முட்டாளை மட்டக்களப்பில் விளக்குப் பிடித்துத் தேடினாலும் காண முடியாது. ஒரு பெண்ணைப் பார்க்கும் ஆசையில், ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த ட்ரான்ஸ்போமர்மீது பொய்ப் புகார் சொன்னவன் நான்.

வாவிக்கரையில் இருக்கும் எங்கள் ரயில் நிலையத்துக்கு மின்சாரம் தரும் அந்தக் கிழட்டு ட்ரான்ஸ்போமரைச் சோதிக்க ஆண்டுக்கு ஒருமுறை மின்சார சபையிலிருந்து அந்தப் பெண் வருவார். அதன் அடியிலுள்ள குழாயைத் திறந்து, சிறு போத்தலில் எண்ணெய் பிடித்து, ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு வெயிலில் நிறம் பார்ப்பார். நான் டிக்கட் கொடுப்பதை மறந்து அந்த மூடிய கண்ணையே பார்த்திருப்பேன். பேர் கேட்கக்கூடத் துணிவு வந்ததில்லை.

ஆண்டுக்கு ஒருமுறை போதவில்லை. "இரைச்சல் கூடிப்போச்சு மிஸ்" என்று அவருடைய அலுவலகத்துக்குக் கோல் எடுத்தேன். வந்து எண்ணெய் எடுத்துப் போனார். ஆசை விடவில்லை, மறுபடியும் எடுத்தேன். இந்த முறை லொறியோடு வந்து, பழையதை இறக்கிப் புதியதை ஏற்றுவித்தார்.

"என்ன மிஸ், மாத்திப் போட்டீங்க?"

"நீங்கதானே இரையுது இரையுது எண்டீங்க? எண்ணெயும் கறுத்துப் போச்சு. இது சீல் பண்ணினது, எண்ணெய் பார்க்கத் தேவையில்ல."

"அப்ப பழுதானா வருவீங்கதானே?"

"இது பழுதாகாது அண்ணன்."